சி நிரலில் டெர்மினலின் பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி? பினாங்கில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் சேர்ந்த இரண்டாவது மாதம் எனக்குக் கிடைத்த வேலை பார்வைக்கு மிகச் சிறியது. சோதனை மேசைகளில் ஓடும் ஒரு சி நிரல், தன்னை எந்த டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல் அல்லது திரை) இருந்து இயக்கினார்கள் என்று பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான். அரை நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். எட்டு நாள் ஆனது. பகலில் ஒழுங்காக ஓடிய நிரல் இரவில் தானாக இயங்கும்போது விழுந்தது. காலையில் வந்து பார்த்தால் பதிவுக் கோப்பு காலியாக இருக்கும். பக்கத்து மேசை அண்ணன் நான்காவது நாள் வந்து திரையைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தங்கச்சி, நல் வந்தா என்னா செய்வே?" நல் என்பது எதையும் காட்டாத காலிப் பாயின்டர், பெயர் கிடைக்காதபோது வருவது அதுதான். அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. அதை முதல் நாளே யாராவது என்னிடம் கேட்டிருக்கலாம். உங்களுக்கு அந்த எட்டு நாள் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விளக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் சேர்ந்து படிக்கும்போது கட்டளைப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லித்தான் பாடம் நடக்கும். அதே பழக்கத்தில் இங்கும் பெயர்களை ஒலிக்கிற மாதிரியே எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், நடுவில் இடைவெளி விடாமல் தட்டுங்கள். நமக்கு வேண்டிய முக்கியமான ஃபங்ஷன் டிடிஒய்நேம்: டி, டி, ஒய், அதோடு ஒட்டி நேம். பிழைகளின் பெயர்களும், சி நிரலுக்குள் எழுதும் நல்லும் முழுக்கப் பெரிய எழுத்தில் வரும். வேறு எங்காவது பெரிய எழுத்து வந்தால் அங்கேயே சொல்கிறேன்.

1. என்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்

லினக்ஸ் ஓடும் ஒரு கணினி வேண்டும். பழைய மடிக்கணினி போதும். விண்டோஸ் மட்டும்தான் இருக்கிறது என்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யுஎஸ்எல் நிறுவிக்கொள்ளுங்கள். காசு கிடையாது, ஒரு கட்டளை, ஒரு தடவை மறுதொடக்கம். விண்டோஸுக்கென்றே உள்ள கம்பைலரில் முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள், அங்கே டிடிஒய்நேம் என்ற ஃபங்ஷனே இல்லை. மேக் வைத்திருப்பவர்கள் அதிலேயே செய்யலாம். ஆனால் பெயர்கள் வேறு தோற்றத்தில் வரும்: /டெவ்/டிடிஒய்எஸ்000 என்பது போல.

உபுண்டுவிலும் டெபியனிலும் இரண்டு தொகுப்புகளை நிறுவுங்கள். ஒன்று பில்ட்-எசென்ஷியல், கம்பைலர் அதில் வந்துவிடும். இன்னொன்று மேன்பேஜஸ்-டெவ். இரண்டாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் சி ஃபங்ஷன்களுக்கான கையேட்டுப் பக்கங்கள் உங்கள் கணினியில் இருக்காது, வலையில் தேடித் தேடிப் பழைய துண்டுகளை நகலெடுக்க வேண்டிவரும். இரண்டும் இலவசம்.

சீரியல் கேபிள் ஏழாவது படிக்கு மட்டும்தான் வேண்டும். கொம்தார் பக்கம் ஒரு கடையில் 30 வெள்ளிக்குள் வாங்கினேன். இப்போதே ஓடிப் போய் வாங்க வேண்டாம். உங்கள் வேலையில் சீரியல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நேரக் கணக்கு: கணினியைத் தயார் செய்ய ஒரு மாலைப் பொழுது, நிரலை எழுத ஒரு மணி நேரம், சோதிக்க அரை நாள். அந்த அரை நாளைக் குறைக்காதீர்கள். என் எட்டு நாளும் அங்கே மிச்சம் பிடிக்கப் பார்த்ததால் போனவை.

2. எந்தத் தாள்களைப் படிப்பது

டெர்மினலில் மேன் 3 டிடிஒய்நேம் என்று தட்டுங்கள். அந்த 3 என்பது கையேட்டின் பகுதி எண், சி நூலக ஃபங்ஷன்கள் அங்கேதான் இருக்கின்றன. ஒரு பக்கம்தான். முழுவதையும் மேலிருந்து கீழே படிக்காமல், எதைத் திருப்பித் தருகிறது என்ற பகுதியையும் பிழைகள் பகுதியையும் முதலில் படியுங்கள். பிறகு மேன் 3 ஐஸ்அடிடிஒய், டெர்மினலா இல்லையா என்று மட்டும் சொல்லும் ஃபங்ஷன் அது. நேரமிருந்தால் மேன் 7 பிடிஒய். ஜன்னல் டெர்மினல்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது அதில் தெளிவாக இருக்கிறது. கையேட்டு ஆங்கிலம் இறுக்கமாக இருக்கும், ஒரு சொல்கூட வீணாக வராது. எனக்கு முதலில் பயமாக இருந்தது. பிழைகள் பகுதியை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். இன்றும் அந்தத் தாள் என் மேசையில் இருக்கிறது.

3. சி எழுதும் முன் கட்டளையால் பாருங்கள்

டெர்மினலைத் திறந்து டிடிஒய் என்று மட்டும் தட்டுங்கள். /டெவ்/பிடிஎஸ்/0 என்பது போல ஒரு பெயர் வரும். இன்னொரு ஜன்னல் திறந்து அதையே தட்டுங்கள்; வேறு எண் வரும். முதல் ஜன்னலை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறந்தால், விடுபட்ட எண்ணே பெரும்பாலும் மறுபடி கிடைக்கும். இதை நன்றாக மனதில் வையுங்கள். பிடிஎஸ்/0 என்பது ஒரு மேசைக்கோ ஓர் ஆளுக்கோ நிரந்தரமாகச் சொந்தமான பெயர் அல்ல. காலையில் ஒருவருக்கு, மாலையில் இன்னொருவருக்கு. பதிவுக் கோப்பில் இந்தப் பெயரைத் தனியாக எழுதினால் பயனில்லை. தேதி, நேரம், பயனர் பெயர் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய்ப் பார்த்தால் /டெவ்/டிடிஒய்3 வரும். அது கணினியின் சொந்தக் கன்சோல். பிடிஎஸ் என்று தொடங்குபவை ஜன்னலுக்குள்ளும் தொலை இணைப்பிலும் வரும் போலி டெர்மினல்கள். ஒரே ஜன்னலைப் பல கட்டங்களாகப் பிரிக்கும் டிமக்ஸ் பயன்படுத்தினால் அதன் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பெயர் இருக்கும். நிர்வாகி உரிமையோடு ஓட்ட உதவும் சுடோவின் புதிய பதிப்புகள் கட்டளையை ஓட்டத் தாமே ஒரு புதிய பிடிஎஸ் திறப்பதால், சுடோவோடு ஓட்டினால் ஒரு பெயரும் இல்லாமல் ஓட்டினால் வேறு பெயரும் வரக்கூடும். அது உங்கள் நிரலின் தவறல்ல.

கடைசியாக, டிடிஒய் < /டெவ்/நல் என்று தட்டுங்கள். /டெவ்/நல் என்பது எப்போதும் காலியான ஒரு கோப்பு, டெர்மினல் அல்ல. அதனால் டெர்மினல் இல்லை என்று ஒரு வரி வரும், கட்டளை 1 என்ற எண்ணோடு முடியும். உங்கள் சி நிரலும் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். விழக்கூடாது. பொய்யும் சொல்லக்கூடாது.

4. நிரலுக்குப் பெயர் இல்லை, எண்ணுக்குத்தான் பெயர்

நான் புரிந்துகொள்ள அதிக நாள் எடுத்தது இதைத்தான். "என் நிரல் எந்த டெர்மினலில் ஓடுகிறது?" என்று டிடிஒய்நேமிடம் கேட்க முடியாது. "இந்த எண்ணில் திறந்திருப்பது எந்த டெர்மினல்?" என்றுதான் கேட்கலாம். அந்த எண்ணுக்கு ஃபைல் டிஸ்கிரிப்டர் என்று பெயர். நிரல் தொடங்கும்போது மூன்று எண்கள் வழக்கமாகத் திறந்திருக்கும்: 0 உள்ளீடு, 1 வெளியீடு, 2 பிழைச் செய்தி. சாதாரணமாக மூன்றும் ஒரே டெர்மினலைக் காட்டும். அதனால் எந்த எண்ணைக் கொடுத்தாலும் சரியாக வருகிறதே என்று நம்பிவிடுகிறோம்.

யாராவது உங்கள் நிரலின் வெளியீட்டைக் குழாய் போட்டு, பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ்ஸுக்கு அனுப்பினால், 1 டெர்மினலாக இருக்காது, அது குழாயாகிவிடும். உள்ளீட்டைக் கோப்பிலிருந்து கொடுத்தால் 0 போய்விடும். இரண்டையும் செய்தால் பெரும்பாலும் 2 மட்டும் மிஞ்சும். அதனால் நான் 0, 2, 1 என்ற வரிசையில் கேட்கிறேன். 0 கிடைத்தால் அதோடு நிறுத்திவிடுவேன். கிடைக்காவிட்டால் 2. அதுவும் இல்லையென்றால் 1. மூன்றும் இல்லையென்றால் டெர்மினல் இல்லை என்று எழுதிவிட்டு வேலையைத் தொடர வேண்டும்.

டிடிஒய்நேமுக்குக் கொடுக்க வேண்டியது எண். எஸ்டிடிஇன் என்ற ஸ்ட்ரீமை அப்படியே கொடுக்காதீர்கள். கையில் ஸ்ட்ரீம்தான் இருக்கிறது என்றால் ஃபைல்நோ ஃபங்ஷனால் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

5. முதல் நிரல்

நான்கு ஹெடர் கோப்புகள் வேண்டும்: எஸ்டிடிஐஓ.எச், ஸ்டிரிங்.எச், எர்நோ.எச், யுனிஸ்டிடி.எச். கடைசியாகச் சொன்னதில்தான் டிடிஒய்நேம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதை மறந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய ஜிசிசி கம்பைலர் ஓர் எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு, அந்த ஃபங்ஷன் ஒரு முழு எண்ணைத் திருப்பித் தருகிறது என்று தானாக எடுத்துக்கொள்ளும். 64 பிட் கணினியில் பாயின்டரின் பாதி வெட்டுப்பட்டுப் போகும். பெயரை அச்சிடும் இடத்தில் நிரல் விழும், நீங்கள் அச்சிடும் வரியையே முறைத்துக்கொண்டிருப்பீர்கள். ஜிசிசி 14 முதல் இது எச்சரிக்கையாக இல்லாமல் பிழையாகவே நிறுத்தப்படுகிறது. தொழிற்சாலைக் கணினிகளில் பழைய பதிப்பு இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் கம்பைல் செய்யும்போது -வால் என்ற தேர்வைக் கட்டாயம் சேருங்கள் (கோடு, பெரிய டபிள்யு, சிறிய ஏ, எல், எல்), வரும் எச்சரிக்கைகளை ஒன்றுவிடாமல் படியுங்கள்.

நிரலின் உள்ளே மூன்றே அடி. கடைசியாக வந்த பிழையின் எண்ணை வைத்திருக்கும் எர்நோவை 0 ஆக்குங்கள். டிடிஒய்நேம்(0) தருவதை ஒரு சார் பாயின்டரில் வாங்குங்கள். அது நல் தானா என்று பாருங்கள். நல் இல்லையென்றால் அச்சிடுங்கள். நல் என்றால் எர்நோவை உடனே ஒரு மாறியில் எடுத்து வையுங்கள். நடுவில் ஒரு பிரின்ட்எஃப் போட்டால்கூட எர்நோ மாறிவிடலாம்.

நல்லைச் சோதிக்காமல் அப்படியே பிரின்ட்எஃபுக்குக் கொடுப்பதுதான் நான் செய்த பிழை. அதன் கொடுமை என்னவென்றால், அது எப்போதும் விழாது. லினக்ஸில் சில சமயம் அடைப்புக்குறிக்குள் நல் என்று அச்சாகிவிடும், சில சமயம் நிரல் விழும். பிரின்ட்எஃபில் சரத்தை மட்டும் கொடுத்து வரியை முடித்தால், கம்பைலர் அதை புட்ஸ் என்ற இன்னொரு ஃபங்ஷனாக மாற்றிவிடும். அது நல்லைத் தாங்காது. என் நிரலில் அந்த வடிவம்தான் இருந்தது.

எர்நோவில் என்ன வரும்? லினக்ஸில் 25 வந்தால் ஈநோடிடிஒய்: எண் திறந்திருக்கிறது, ஆனால் அது டெர்மினல் இல்லை. நீங்கள் அதிகம் பார்க்கப் போவது இதுதான். 9 வந்தால் ஈபேட்எஃப்: அந்த எண்ணில் எதுவுமே திறந்திருக்கவில்லை. 19 வந்தால் ஈநோடெவ்: டெர்மினல்தான், ஆனால் அதன் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கன்டெய்னருக்குள் (டாக்கர் போன்றவை உருவாக்கும் தனித்த சூழல்) வேலை செய்பவர்கள் இதைச் சந்திக்கலாம். வெளியே திறந்த பிடிஎஸ் உள்ளே வந்திருக்கும், அந்தப் பாதை உள்ளே இருக்காது. எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஸ்ட்ரெரர் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அது செய்தியாகவே சொல்லும்.

6. டிடிஒய்நேம்_ஆர் பக்கம் மாறுங்கள்

டிடிஒய்நேம் தரும் பெயர் உங்களுக்குச் சொந்தமில்லை. நூலகத்தின் உள்ளே இருக்கும் ஓர் இடத்தைத்தான் அது காட்டுகிறது. அடுத்த முறை கூப்பிட்டால் அதே இடத்தில் புதுப் பெயர் எழுதப்படும். 0-க்கும் 2-க்கும் பெயர் கேட்டு, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடப் பார்த்தேன். எப்போதும் ஒன்று என்றே வந்தது. இரண்டு பாயின்டரும் ஒரே இடத்தைக் காட்டும்போது வேறு எப்படி வரும்? ஒரே நிரலில் பல இழைகள் ஓடினால் இன்னும் மோசம்.

அதனால் வேலைக்கு டிடிஒய்நேம்_ஆர் பயன்படுத்துங்கள். மூன்று தகவல் கேட்கும்: எண், உங்கள் சொந்த பஃபர் (பெயரை எழுத நீங்கள் ஒதுக்கும் இடம்), அதன் அளவு. பெயரை உங்கள் பஃபரிலேயே எழுதித் தரும். இதில் மூன்று குழிகள் இருக்கின்றன, மூன்றிலும் ஆட்கள் விழுந்து பார்த்திருக்கிறேன்.

முதல் குழி, திருப்பித் தரும் மதிப்பு. வெற்றி என்றால் 0. தோல்வி என்றால் பிழையின் எண், அதாவது 25, 34 போன்ற நேர் எண்கள். பழக்கதோஷத்தில் 0-க்குக் குறைவா என்று சோதித்தால் அந்தச் சோதனை ஒருநாளும் பிழையைப் பிடிக்காது. 0 இல்லையா என்று கேளுங்கள். பிழை எண்ணும் திருப்பித் தரும் மதிப்பிலேயே இருப்பதால் எர்நோவைத் தேடிப் போக வேண்டாம்.

இரண்டாவது, பஃபரின் அளவு. /டெவ்/பிடிஎஸ்/0 என்பதை ஆங்கில எழுத்தில் எண்ணினால் 10 எழுத்து, முடிவுக் குறியோடு 11. சரியாக 11 ஒதுக்கி ஒரு நிரல் எழுதப்பட்டிருந்தது. எண் 9 வரை ஒரு பிரச்சினையும் இல்லை. பதினோராவது டெர்மினல் திறந்த அன்று பிடிஎஸ்/10 வந்தது, 12 இடம் வேண்டும், ஈரேஞ்ச் என்ற 34 வந்தது. 64 ஒதுக்குங்கள். முறையாகச் செய்ய விரும்பினால் சிஸ்கான்ஃப் மூலம் டெர்மினல் பெயரின் உச்ச அளவைக் கேட்டு ஒதுக்கலாம்.

மூன்றாவது, சைஸ்ஆஃப். பஃபரை இன்னொரு ஃபங்ஷனுக்குள் அனுப்பிவிட்டு அங்கே சைஸ்ஆஃப் போட்டால் 64 வராது. 64 பிட் கணினியில் 8 வரும், ஏனென்றால் அங்கே அது வெறும் பாயின்டர். 8-க்குள் எந்த பிடிஎஸ் பெயரும் அடங்காது. அளவைத் தனி எண்ணாகச் சேர்த்து அனுப்புங்கள்.

எப்போது கூப்பிடுவது என்பதும் முக்கியம். நிரல் தொடங்கியவுடன் ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னணிக்குப் போகும் நிரல்கள் 0, 1, 2 மூன்றையும் /டெவ்/நல் பக்கம் திருப்பிவிடும். அதற்குப் பிறகு கேட்டால் 25 தவிர எதுவும் வராது. ஒவ்வொரு பதிவு வரிக்கும் புதிதாகக் கேட்பதும் வீண். சில நிலைமைகளில் அது பெயரைக் கண்டுபிடிக்க /டெவ் அடைவையே தேடும்.

7. சீரியல் கேபிள் வைத்திருந்தால்

கேபிளைச் செருகினால் /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0 அல்லது /டெவ்/டிடிஒய்ஏசிஎம்0 தோன்றும் (யுஎஸ்பி, ஏசிஎம் இரண்டும் பெரிய எழுத்தில்). திறக்க அனுமதி இல்லை என்று வந்தால், உபுண்டுவிலும் டெபியனிலும் உங்கள் கணக்கை டயல்அவுட் குழுவில் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டு வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். உள்நுழையாமல் "சேர்த்தேனே, இன்னும் வரவில்லையே" என்று காத்திருப்பவர்கள் நிறைய. டபிள்யுஎஸ்எல் 2-இல் கேபிள் தானாகத் தெரியாது; விண்டோஸ் பக்கம் யுஎஸ்பிஐபிடி என்ற இலவசக் கருவி வேண்டும்.

கேபிளைப் பிடுங்கிச் செருகினால் 0 என்பது 1 ஆகலாம். நிலையான பெயருக்கு /டெவ்/சீரியல்/பை-ஐடி அடைவைப் பாருங்கள், கேபிளின் அடையாளத்தோடு ஓர் இணைப்புப் பெயர் அங்கே இருக்கும். அந்தப் பெயரால் திறப்பது நல்லது. ஆனால் திறந்த பிறகு டிடிஒய்நேமிடம் கேட்டால் நீங்கள் கொடுத்த நீண்ட பெயர் திரும்பி வராது, டிடிஒய்யுஎஸ்பி0 என்றுதான் வரும். பதிவில் நிலையான பெயர் வேண்டுமென்றால் திறந்த பெயரை நீங்களே வைத்திருங்கள்.

8. டெர்மினலே இல்லாத இடங்கள்

என் நிரல் இரவில் விழுந்ததற்குக் காரணம், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் கிரான். கிரான் ஓட்டும் நிரலுக்கு டெர்மினல் கிடையாது. தொலைக் கணினியோடு இணைக்கும் எஸ்எஸ்எச் மூலம் ஒரே ஒரு கட்டளையை அனுப்பி ஓட்டினாலும் கிடையாது. -டி தேர்வு சேர்த்தால்தான் தொலைக் கணினி ஒரு பிடிஎஸ் ஒதுக்கும். கன்டெய்னருக்குள் கட்டளை ஓட்டும் டாக்கர் எக்ஸெக்கும் அப்படியே.

மூன்று எண்களும் திருப்பப்பட்டிருந்தாலும், நிரலுக்குப் பின்னால் ஒரு டெர்மினல் இருக்கக்கூடும். அதைப் பிடிக்க /டெவ்/டிடிஒய் என்ற கோப்பைத் திறந்து பெயர் கேட்கலாம் என்று பலருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. லினக்ஸில் கேட்டால் /டெவ்/டிடிஒய் என்றே திருப்பிச் சொல்லும். சிடெர்மிட் ஃபங்ஷனும் அதே பொதுப் பெயரைத்தான் தருகிறது. திறக்க முடிந்தால் பின்னால் டெர்மினல் இருக்கிறது என்று தெரியும், எது என்று தெரியாது.

உண்மையான விடை வேண்டுமென்றால் /ப்ராக்/செல்ஃப்/ஸ்டாட் கோப்பின் ஏழாவது புலத்தைப் படியுங்கள். இரண்டாவது புலம் நிரலின் பெயர். அது அடைப்புக்குறிக்குள் இருக்கும், உள்ளே இடைவெளியும் வரலாம். அதனால் கடைசி மூடும் அடைப்புக்குறியைத் தேடி, அதற்குப் பிறகு வருவதை மூன்றாவது என்று வைத்து எண்ணுங்கள். அங்கே 34816 என்று வந்தால் 256-ஆல் வகுங்கள்: 136, மீதி 0. 136 என்பது பிடிஎஸ் குடும்பத்தின் எண், மீதி 0 என்பது பிடிஎஸ்/0. 34818 வந்தால் பிடிஎஸ்/2. ஏழாவது புலத்தில் 0 வந்தால் டெர்மினல் உண்மையிலேயே இல்லை. இந்தக் கணக்கு சிறிய எண்களுக்குப் போதும், சோதனை மேசைகளில் அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பெயர் இன்னதாக இருந்தால் அனுமதி, இல்லாவிட்டால் மறுப்பு என்று எழுதாதீர்கள். பெயர் கைமாறக்கூடியது, பதிவுக்குத் துணையாகலாம், பூட்டாக முடியாது.

9. ஒப்படைக்கும் முன்

நிரலை இந்த வரிசையில் ஓட்டி, ஒவ்வொன்றிலும் பதிவுக் கோப்பில் என்ன எழுதியது என்று கண்ணால் பாருங்கள். சாதாரண ஜன்னலில். உள்ளீட்டை /டெவ்/நல்லில் இருந்து கொடுத்து. வெளியீட்டைக் குழாயில் விட்டு. மூன்றையும் திருப்பி. 0-ஐ முழுதாக மூடி, அதாவது கட்டளையின் முடிவில் <&- சேர்த்து. டிமக்ஸுக்குள். தொலை இணைப்பில் -டி இல்லாமல். கடைசியாக கிரானில், அடுத்த ஐந்து நிமிடத்துக்கு நேரம் குறித்து. நீங்கள் விட்டுவிடும் சோதனை கிரானாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதற்குக் காத்திருக்க வேண்டும். ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்து பாருங்கள், ஐந்து நிமிடம் போயிருக்கும். பதிவில் டெர்மினல் இல்லை என்ற வரியும், அதற்குக் கீழே சோதனையின் மற்ற வரிகளும் இருந்தால் கோப்பை மேலாளருக்கு அனுப்பலாம்.